வெளுக்காத சட்டை

என் அண்ணன் கருப்புசாமி தொட்டியில் விழுந்து சாகவில்லை. செத்த பிறகு தொட்டியில் போடப்பட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போலீஸ் ரெக்கார்டு ஒன்றரை வருஷம் வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தது. ஊரும் அதை நம்புவதுபோல் நடித்துக்கொண்டிருந்தது.

1971 ஏப்ரல். கோயமுத்தூரில் பி.ஏ. கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு மகளிர் விடுதிக்கு வந்தேன். வார்டன் ஒரு தந்தியைக் கையில் கொடுத்தார். முந்தின நாளே வந்த தந்தி. பரீட்சை கெட்டுவிடக் கூடாதென்று பிடித்து வைத்திருந்தாராம். திருப்பூரை ஒட்டிய எங்கள் ஊர் மண்ணரைக்கு வந்து சேர்ந்தபோது அண்ணனை எரித்து ஒரு நாள் முடிந்திருந்தது.

அம்மா பூவாத்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"எதுக்கும்மா இத்தனை அவசரம்? நான் வர்ற வரைக்கும் வெச்சிருக்கக் கூடாதா?"

"போலீஸ்காரரு பொணத்தை அறுக்கோணும்னாரு கண்ணு. அறுக்காம வேணும்னா கைநாட்டு வெச்சுப்போட்டு உடனே எரிச்சிருன்னாரு. பெத்த புள்ளையை அறுக்க உட்டுருவனா? வெச்சுட்டேன்."

"எதுல வெச்சே? என்ன எழுதியிருந்துதுன்னு படிச்சுக் காட்டுனாங்களா?"

"எனக்கெதுக்கு படிச்சுக் காட்டப் போறாங்க?"

எங்கள் சனத்தில் யாரைக் கேட்டாலும் அம்மா செய்ததைத்தான் செய்திருப்பார்கள். பிரேதப் பரிசோதனை என்றால் எங்களுக்குக் கறிக்கடை ஞாபகம்தான் வரும். அந்தப் பயம் இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். பயத்தைக் காட்டினார், கைநாட்டை வாங்கினார், பிணத்தை எரிக்க வைத்தார். அம்மா குளிப்பாட்டும்போது பின்மண்டை நைந்து போயிருந்ததைப் பார்த்திருக்கிறாள். தொட்டி விளிம்பில் அடிபட்டது என்று சொல்லிவிட்டார்களாம்.

அண்ணன் வேலை செய்தது ஈஸ்வரமூர்த்தியின் பிளீச்சிங் பட்டறையில். பனியன் துணியை வெளுக்கிற இடம். ஆளுயரச் சிமெண்டுத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, துணியை ராத்திரி முழுக்க ஊறப் போட்டு, காலையில் எடுத்து அலசுவார்கள். அந்தத் தண்ணீரில் வெறுங்காலோடு நின்று நின்று அங்கே யாருக்கும் பாதத்தில் தோல் ஒழுங்காக இருக்காது. ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்று அண்ணன் ஒரு மனு எழுதி, நாற்பது பேரிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கியிருந்தான். வெள்ளிக்கிழமை லேபர் ஆபீசர் வருவதாக இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் முதலாளி கூப்பிடுகிறார் என்று ஆபீஸ் ரூமுக்குப் போனான். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொட்டியில் கிடந்தான். மனு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வேலையில் இருந்தவர் இன்ஸ்பெக்டர் தண்டாயுதபாணி.

நான் ஸ்டேஷனுக்குப் போனேன். போகிற வழியில் இன்ஸ்பெக்டர் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீடு. வாசலில் செங்கல் இறங்கிக்கொண்டிருந்தது. இறக்கிய லாரி ஈஸ்வரமூர்த்தியுடையது. பட்டப்பகலில். மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை அவர்களுக்கு.

"யாரும்மா நீ?" என்று ஸ்டேஷனில் தண்டாயுதபாணி கேட்டார்.

"கருப்புசாமி தங்கச்சிங்க. சென்னம்மாள். கேஸ் என்ன ஆச்சுன்னு கேக்க வந்தனுங்க."

"என்ன கேஸு? சாராயத்தைக் குடிச்சுப்போட்டு தொட்டியில உழுந்தான். விபத்து. முடிச்சாச்சு."

"சாராயம் எங்க குடிச்சானுங்க?"

"ஏன், நீயும் போகோணுமா?"

இரண்டு கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள்.

"மதுவிலக்கு இருக்குதுங்களே. வித்தவனைப் புடிச்சீங்களான்னு கேட்டேன்."

சிரிப்பு நின்றது. தண்டாயுதபாணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படிச்ச புள்ளையா?"

"பி.ஏ. பரீட்சை எழுதியிருக்கேனுங்க."

"பரவால்லையே, உங்க சனத்துல பி.ஏ.! நல்லது. ஒரு வேலையைத் தேடு, கல்யாணத்தைப் பண்ணு. பொணத்தை எரிச்சாச்சு, தொட்டியைக் கழுவியாச்சு. இதுக்கு மேல நீ எம்.ஏ. படிச்சாலும் ஒண்ணும் கண்டுபுடிக்க முடியாது."

அந்த ஆள் சொன்னதிலேயே அது ஒன்றுதான் உண்மை. கொன்றவன் ஒரு ராத்திரி வேலை செய்தான். இன்ஸ்பெக்டர் அடுத்த பகல் முழுக்க வேலை செய்தார். பிணம் போயிற்று, போட்டிருந்த துணி பிணத்தோடு போயிற்று, தொட்டித் தண்ணீர் வாய்க்காலில் போயிற்று. எட்டு மணிக்கு அவனைக் குடிபோதையில் பார்த்ததாகப் பட்டறை மேஸ்திரி நல்லானிடம் ஒரு வாக்குமூலம். கொலையைக் கண்டுபிடிக்கத் தெரியாத போலீஸ் இல்லை அது. எதை எதை அழித்தால் கண்டுபிடிக்க முடியாது என்று நன்றாகத் தெரிந்த போலீஸ்.

ஆனால் ஒன்றை அவரால் அழிக்க முடியவில்லை. காகிதம். சாவு என்றால் விசாரணை அறிக்கை எழுதி மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அறிக்கையின் நகல் கேட்டு மனுப் போட்டேன். ஸ்டாம்பு போதவில்லை என்றார்கள், ஒட்டினேன். இறந்தவருக்கு நீ என்ன உறவு என்றார்கள், கிராம முன்சீப்பிடம் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தேன். குமாஸ்தா லீவு என்றார்கள். நான் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேனே என்று சண்டை போட்டேன். பதினொரு மாதம் கழித்து இரண்டு பக்க நகல் கைக்கு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து அதைப் படித்தேன். முதல் மூன்று தடவை ஆத்திரம்தான் வந்தது. "மேற்படி கருப்புசாமி குடிப்பழக்கம் உள்ளவர்" என்று ஆரம்பித்து, "மரணத்தில் உறவினர் எவருக்கும் சந்தேகம் இல்லை" என்று முடிந்தது. நடுவில் இரண்டு விஷயம்.

ஒன்று: பட்டறை முந்தின இரவு எட்டரை மணிக்குப் பூட்டப்பட்டது. காலை ஆறு மணிக்கு உரிமையாளர் ஈஸ்வரமூர்த்தி திறந்தார். இருப்பது ஒரே சாவி, அது அவர் வசம். சுற்றுச்சுவர் பத்தடி, மேலே கண்ணாடிச் சில்லு. ஆகவே இரவில் வெளியாள் யாரும் உள்ளே வர முகாந்திரம் இல்லை.

இரண்டு: பிரேதத்தின் உடலில் பச்சை நிறத்தில் மஞ்சள் கோடு போட்ட அரைக்கைச் சட்டை ஒன்று, வேட்டி ஒன்று.

நான்காவது தடவை படித்துக்கொண்டிருக்கும்போது அம்மா துவைத்த துணியைக் கொடியில் போட வந்தாள். ஒரு ரவிக்கையை உதறிப் போட்டாள். பச்சையில் மஞ்சள் கோடு.

முந்தின தீபாவளிக்கு அண்ணன் எடுத்த துணி. ஒரே துணியாக மொத்தமாக எடுத்தால் சந்தைக் கடைக்காரன் விலையைக் குறைப்பான். அவனுக்குச் சட்டை, எனக்கும் அம்மாவுக்கும் ரவிக்கை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். தீபாவளியன்று யார் யார் ஒரே வீடு என்று துணியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அம்மாவின் ரவிக்கையில் கைப்பக்கம் முழுக்க வெள்ளைப் புள்ளி. மழை தூறினாற்போல.

"அம்மா, இந்தப் புள்ளி எப்படி ஆச்சு?"

அம்மாவும் ஆற்றோரத்தில் வேறொரு பட்டறையில் துணி உலர்த்தப் போகிறவள்.

"பவுடர் தண்ணி தெறிச்சா ஆகாதா? சந்தைத் துணி. தெறிச்சு, நான் எந்திரிச்சுப் போயிக் கழுவறதுக்குள்ள சாயம் போயிருச்சு."

நான் எழுந்து நின்றேன். நான் கல்லூரியில் படித்தது சரித்திரம். பிளீச்சிங்கைப் பள்ளிக்கூட லீவு நாட்களில் படித்திருந்தேன், துணி மடிக்கப் போன இடத்தில். அழுக்குப் பழுப்பாக இருக்கிற பனியன் துணி அந்தத் தண்ணீரில் ஒரு ராத்திரி கிடந்தால் கண் கூசுகிற வெள்ளை ஆகிவிடும். எட்டு மணிக்கு விழுந்து காலை ஆறு மணி வரைக்கும் கிடந்த சந்தைச் சட்டை எப்படிப் பச்சையாக இருக்கும்? மஞ்சள் கோடு எப்படித் தெரியும்?

விடியற்காலையில்தான் அவனை அதில் போட்டிருக்கிறார்கள். பட்டறை பூட்டிக் கிடந்த நேரத்தில். சாவி யாரிடம் என்று இன்ஸ்பெக்டரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சட்டையின் நிறத்தை எழுது என்று அவரை யாரும் மிரட்டவில்லை. பழக்கத்தில் எழுதியிருக்கிறார். நொய்யல் ஆற்றங்கரையில் இத்தனை வருஷம் மாமூல் வாங்கியவர், அந்தக் கரையில் என்ன வேலை நடக்கிறது என்று ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்.

கலெக்டருக்கு நாலு பக்கம் டைப் அடித்து அனுப்பினேன். சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பரிசோதனை செய்யாமல் பிணத்தை எரிக்க வைத்தது, சாராயத்தை விசாரிக்காதது, செங்கல் லாரியின் நம்பர் இவ்வளவுதான் எழுதினேன். சட்டையை எழுதியிருந்தால் அதற்கும் ஒரு வாக்குமூலம் தயார் பண்ணியிருப்பார்கள். மூன்று ஞாபக மனு போன பிறகு, ஆர்.டி.ஓ. விசாரிப்பார் என்று பதில் வந்தது.

பதில் எனக்கு வந்த மறுநாளே மேஸ்திரி நல்லான் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். திருப்பூரில் பவுடர் கலக்குவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர். மற்றபடி எல்லாவற்றுக்கும் பயப்படுகிற மனிதர்.

"அம்மிணி, இதோட உட்டுரு. பெரிய எடத்து விசயம்."

"முதலாளி அனுப்புனாருங்களா, இன்ஸ்பெக்டர் அனுப்புனாருங்களா?"

"யார் அனுப்புனா என்ன? போனவன் போயிட்டான். நீ பொழைக்க வேண்டாமா?"

"மாமா, நீங்க எட்டு மணிக்கு அண்ணனைக் குடிபோதையில பாத்ததா எழுதியிருக்குது. பாத்தீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "எழுதிக்கிட்டாங்க. எனக்கு ஏழு புள்ளைங்க அம்மிணி."

"எட்டுப் புள்ளையா இருந்தா கொலையே பண்ணியிருப்பீங்களோ?"

"நாக்குல நெருப்பை வெச்சுருக்கறா பாரு அக்கா உம்மவ!" என்றார் அம்மாவிடம்.

"சரி, ஆர்.டி.ஓ. கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"எழுதுனதைத்தான் சொல்லோணும். வேற வழி?"

"அப்படியே சொல்லுங்க. எட்டு மணின்னு கெட்டியாச் சொல்லுங்க. அதை மட்டும் மாத்தீராதீங்க."

நல்லான் மாமா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அம்மா கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார்.

அக்டோபரில் ஆர்.டி.ஓ. வந்தார். பயணியர் மாளிகையில் விசாரணை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நிதானமான ஆள். எல்லாருக்கும் நாற்காலி போடச் சொன்னார். என் அம்மாவுக்கும் போடச் சொன்னார். அம்மா உட்காரவில்லை.

ஈஸ்வரமூர்த்தி வெள்ளை வெளேரென்று வந்திருந்தார். பக்கத்தில் தண்டாயுதபாணி. நல்லான் மாமா எட்டு மணி என்றார். நன்றாகத் தெரியுமா என்று ஆர்.டி.ஓ. கேட்டதற்கு, சங்கு ஊதியது என்றார். முதலாளி எட்டரைக்குப் பூட்டினேன், ஆறு மணிக்குத் திறந்தேன், சாவி என் இடுப்பைவிட்டுப் போகவில்லை என்றார். எல்லாம் அறிக்கையில் இருந்தபடியே. ஆர்.டி.ஓ. எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

நான் பையிலிருந்து என் ரவிக்கையை எடுத்து மேசையில் வைத்தேன்.

தண்டாயுதபாணி சிரித்தார். "சார், ஜாக்கெட்டைக் கொண்டாந்து சாட்சிங்கறா. சும்மாத்தான் நம்ம நேரத்தைக் கெடுக்கறா."

"இது எங்க அண்ணன் அன்னைக்குப் போட்டிருந்த சட்டையோட துணிங்க. ஒரே துணியில வெட்டினது. சட்டையை இவரு எரிக்க வெச்சுட்டாரு, எங்க ஜாக்கெட்டை எரிக்க மறந்துட்டாரு. அறிக்கையில ரெண்டாம் பக்கம் படிங்க, பச்சையில மஞ்சக் கோடு. இதை அந்தப் பட்டறைத் தொட்டியில போட்டுப் பாருங்க. பத்து மணி நேரம் வேண்டாம், ஒரு மணி நேரம் போதுமுங்க."

ஆர்.டி.ஓ. ரவிக்கையைப் பார்த்தார், அறிக்கையைப் பார்த்தார். அவருக்கு உடனே விளங்கவில்லை. பிளீச்சிங் தொட்டியையே பார்த்ததில்லையாம். விளங்கச் சொன்னேன். தண்டாயுதபாணியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சாப்பிட்டுட்டு மூணு மணிக்குப் பட்டறையில பாக்கலாம்" என்றார் ஆர்.டி.ஓ. அது அவர் செய்த ஒரே தப்பு. அந்த இரண்டு மணி நேரம் முதலாளிக்குப் போதும்.

மூன்று மணிக்குப் பட்டறையில் வேலையாட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். துணியைக் காட்டி, இது என்ன தெரியுமா என்று ஆர்.டி.ஓ. பொதுவாகக் கேட்டார். துணி அலசுகிற மயிலாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"தெரியாம என்னங்க? தீபாவளிக்கு ஆத்தாளும் மவனும் மவளும் ஒரே மாதிரிப் போட்டுட்டு வந்தாங்க, பேண்டு வாத்தியக்காரங்களாட்ட. நாங்க எத்தனை கேலி பண்ணியிருப்போம்!"

"செத்தன்னைக்குப் போட்டிருந்ததும் இதுதானா?"

மயிலாள் முதலாளியைப் பார்த்தாள். பிறகு என் அம்மாவைப் பார்த்தாள். "இதேதானுங்க."

ரவிக்கையின் முதுகுத் துணியை வெட்டிப் பாதியை ஆர்.டி.ஓ. கையில் கொடுத்தேன். மீதியைக் கயிற்றில் கட்டித் தொட்டியில் இறக்கினார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

பத்து நிமிஷம். கால் மணி. அரை மணி. துணி பச்சையாகவே இருந்தது. கோடு மஞ்சளாகவே இருந்தது.

"என்னம்மா, உன் பி.ஏ. வெளுத்துப் போச்சா?" என்றார் தண்டாயுதபாணி. முதலாளிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குக் கொஞ்சமும் பதற்றம் இல்லை. உள்ளே நுழைந்தபோதே தெரிந்துவிட்டது. அந்தத் தொட்டிப் பக்கம் போனால் கண் எரியும், மூக்கில் ஏறும். அன்றைக்கு ஒன்றும் இல்லை. தொட்டியில் கையை விட்டு இரண்டு விரலைத் தேய்த்தேன். நல்ல பவுடர் தண்ணீர் சோப்பைப் போல வழுக்கும். இது கிணற்றுத் தண்ணீராக இருந்தது.

"சார், இதுல பவுடரே இல்லைங்க. இப்பத்தான் தண்ணியை ஊத்தி நெரப்பியிருக்காங்க."

"அதெல்லாம் இல்லைங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி, குரலை உயர்த்தாமல். "எங்க பட்டறையில எப்பவும் இப்படித்தானுங்க. மேஸ்திரி கலக்கறது அவ்வளவுதான். அன்னைக்கும் இவன் இப்படித்தான் கலக்கியிருப்பான். வயசாச்சு, கை நிதானம் போயிருச்சு. அதனாலதான் சட்டை வெளுக்கலை. இதுக்குப் போயி கொலை, அது இதுன்னு..."

சாமர்த்தியமான பதில்தான். வேறு எந்த ஊராக இருந்தாலும் எடுபட்டிருக்கும். வேலையாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மயிலாள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் நல்லான் மாமாவைப் பார்த்தேன். "ஏனுங் மாமா, நீங்க கலக்கறது இதுதானுங்களா?"

அவர் தொட்டிக்கு வந்தார். விரலை விட்டார், தேய்த்தார், மோந்து பார்த்தார். முகம் கறுத்தது.

"நான் கலக்குனதா இது?"

"நல்லா, நீ சும்மா இரு" என்றார் முதலாளி.

"எப்படிங் மொதலாளி சும்மா இருக்கறது? இதுல என் வேட்டியை அலசுனாக்கூட அழுக்குப் போவாது! அன்னைக்கு எடுத்த சரக்கு கல்கத்தாவுக்குப் போச்சுங்க. ஒரு பீஸ் திரும்பி வந்துதா? சொல்லுங்க, வந்துதா? முப்பது வருசமா என் தொட்டியில எறக்குன துணி மங்கலா வந்துதுன்னு ஒருத்தன் சொன்னதில்லை. மத்தியானம் ரெண்டு மணிக்கு மோட்டாரைப் போட்டுத் தண்ணியை உடச் சொன்னது நீங்க. பழியை என் கை மேல போடறீங்களா?"

அவர் எதற்காகப் பேசினார் என்பதில் எனக்கு மயக்கம் இல்லை. என் அண்ணனுக்காகப் பேசவில்லை. அண்ணன் செத்த விதத்தை மறைக்கச் சொன்னபோது மறைத்தவர். அவர் கலக்கிய தண்ணீர் வெளுக்காது என்று நாற்பது பேர் முன்னால் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. எதற்காகவோ இருக்கட்டும். பேசினார்.

"அப்ப வழக்கமாக் கலக்கறபடி கலக்குங்க" என்றார் ஆர்.டி.ஓ. "நானே நிக்கறேன்."

பக்கத்துச் சிறு தொட்டியில் நல்லான் மாமா கலக்கினார். பவுடரை அள்ளிப் போட்டுக் கட்டையால் அடித்துக் கரைத்தார். வாசனை எழுந்ததும் ஆர்.டி.ஓ. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். தெளிய விட்டு, துணியை இறக்கினார்கள். எல்லாரும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் ஜீப் வரைக்கும் போய்ப் போய் வந்தார்.

கால் மணி நேரத்தில் மஞ்சள் கோடு இருந்த இடம் தெரியவில்லை. அரை மணியில் பச்சை, பாசி பிடித்த தண்ணீர் நிறத்துக்கு வந்தது. ஒரு மணி நேரத்தில் தூக்கியபோது அது அழுக்கு வெள்ளைத் துணி. ஆர்.டி.ஓ. கையிலிருந்த காய்ந்த துண்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மேஸ்திரி, அன்னைக்குக் காலையில பிணத்தைத் தூக்கினப்ப சட்டை எப்படி இருந்தது?"

பேச ஆரம்பித்தவரால் திரும்பிப் போக முடியவில்லை.

"பச்சையாத்தானுங்க இருந்துச்சு. கோடு தெரிஞ்சுது. தூக்குனப்பவே எனக்குத் தெரியுமுங்க சாமி. அஞ்சு நிமிசம், மிஞ்சிப் போனா பத்து நிமிசம். அதுக்கு மேல அது தண்ணியில கெடக்கலை. கருப்பனை எட்டு மணிக்கு நான் பாக்கவும் இல்லைங்க. ஆபீஸ் ரூமுக்குள்ள போனதைத்தான் பாத்தேன். வெளியில வந்ததைப் பாக்கலை."

அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள், ஈரத் தரையிலேயே.

ஆர்.டி.ஓ. அறிக்கையைப் புரட்டினார். "எட்டரைக்குப் பூட்டு. ஆறு மணிக்குத் திறப்பு. ஒரே சாவி. வெளியாள் வர முகாந்திரம் இல்லை." ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு ஈஸ்வரமூர்த்தியை நிமிர்ந்து பார்த்தார். முதலாளி இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என்னத்துக்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

"சார்" என்று தண்டாயுதபாணி முன்னால் வந்தார். "சட்டை நிறத்தை ரைட்டர் தப்பா எழுதியிருப்பாருங்க. எழுத்துப் பிழை."

"பச்சை நிறத்தில் மஞ்சள் கோடு போட்ட அரைக்கைச் சட்டை. இத்தனை பெரிய எழுத்துப் பிழையா? கீழ கையெழுத்து உங்களுது."

"இல்லைங்க சார், அது..."

"ஜீப்பை எடுத்துக்கிட்டு எங்கேயும் போயிடாதீங்க."

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. விபத்து என்று மூடிய கேஸைக் கொலை வழக்காக மாற்றி, கோயமுத்தூரிலிருந்து ஒரு டி.எஸ்.பி.யிடம் ஒப்படைத்தார்கள். ஈஸ்வரமூர்த்தியைக் கைது பண்ணினார்கள். ஆபீஸ் ரூம் பலகைத் தரைக்கு அடியில் அண்ணனின் மனு கிடைத்தது, நாற்பது பேர் பெயரும் இருந்தது. தண்டாயுதபாணியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். அதே தொப்பி, அதே பெல்ட், வேறு ஸ்டேஷன். புது வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போனார்.

டி.எஸ்.பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாக்குமூலம் வாங்க வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர்தான். நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். கடைசியில் தாளை என் பக்கம் திருப்பிப் பேனாவைக் கொடுத்தார்.

"கையெழுத்துப் போடும்மா."

நான் முழுக்கப் படித்தேன். கொன்றவன் பெயர் இருந்தது. பொய் சாட்சி சொன்ன நல்லான் மாமா பெயர் இருந்தது.

"பொய்யைச் சொல்ல வெச்சவர் பேரு இல்லைங்களே."

"அது துறை நடவடிக்கை. தனியா நடக்கும்."

"எங்க அண்ணன் கேஸ் ஒன்றரை வருசம் கெடந்துது. அந்த ஒன்றரை வருசத்துக்கு யாரு காரணம்? முதலாளி ஒருத்தரைத்தான் கொன்னாரு. அறுத்துப் பாக்காம எரிக்க வெச்சது அவர் இல்லை, தொட்டியைக் கழுவ வெச்சது அவர் இல்லை. அதை நான் சொன்னேன், நீங்க எழுதலை."

"சென்னம்மா, நீ ஜெயிச்சாச்சு. இந்தப் பேரைச் சேர்த்தா எதிர்த்தரப்பு வக்கீல் இதை வெச்சே கேஸை இழுப்பான். எங்க ஆளுங்களும் சும்மா இருக்க மாட்டாங்க."

"இழுக்கட்டுமுங்க. எனக்கு இருபத்திரெண்டு வயசுதான் ஆகுது."

அவர் பேனாவை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். வெளியில் ஜீப் டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு எனக்கு லீவுங்க. நீங்க நிதானமா எழுதலாம்" என்றேன்.

டி.எஸ்.பி. தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஓரத்தில் இடம் இல்லை. புதுத் தாள் எடுத்து எட்டு வரி எழுதினார். திரும்ப என்னிடம் நீட்டினார். கைநாட்டு வாங்கியது, எரிக்க வைத்தது, செங்கல் லாரி எல்லாம் இருந்தது. பெயரும் இருந்தது. தண்டாயுதபாணி என்று மட்டும்.

"இன்ஸ்பெக்டர்னும் சேர்த்துக்குங்க" என்றேன்.

சேர்த்தார். கையெழுத்துப் போட்டேன்.